பூனைக்கு நாயின் குருதி: ஒரேயொரு தடவை மட்டும்

வலையைக் கடிக்கும் எலிக்காக மன்னார் மீன்வாடிகளில் வைக்கும் மருந்து, உங்கள் பூனையையும் சாய்த்துவிடலாம். குருதியை உறையவிடாத நஞ்சு பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாட்கள் கழித்தே வேலையைக் காட்டும். உள்ளுக்குள் குருதி கசியும். காய்ச்சலுக்கென்று கொடுக்கும் ஒரு பனடோல் மாத்திரையும் பூனையைக் கொல்லப் போதும். தெள்ளு மொய்த்த குட்டிகளுக்கும் கடும் குருதிச்சோகை வரும்.

முரசை (பல் ஈறு) பாருங்கள். இளஞ்சிவப்பு மாறி வெளிறியிருந்தால், மூச்சு வேகமாக இருந்தால், காதும் பாதமும் குளிர்ந்திருந்தால் தாமதிக்க வேண்டாம். பனடோல் நஞ்சானால் முரசு கபில நிறமாகும், முகம் வீங்கும்.

இந்நிலையில் குருதி ஏற்ற வேண்டி வரலாம். பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என மூன்று குருதி வகைகள் உண்டு. பி வகைப் பூனைக்கு ஏ வகைக் குருதி சிறிதளவு ஏறினாலும் உயிர் போகலாம். ஆகவே வகை பாராமல் பக்கத்து வீட்டுப் பூனையின் குருதியை ஏற்ற முடியாது. பொருத்தமான குருதி கிடைக்காதபோது, மிருக வைத்தியர் கடைசி வழியாக நாயின் குருதியைத் தெரிவு செய்யலாம். நாயின் செங்குழியங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் (உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள்) பூனையிடம் இயல்பாக இருப்பதில்லை. அதனால் முதல் தடவை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். 2013இல் நியூசிலாந்தின் தௌரங்காவில் எலிநஞ்சு தின்ற பூனையொன்று லாப்ரடோர் நாயின் குருதியால் பிழைத்தது.

ஆனால் அந்தச் செங்குழியங்கள் ஏறத்தாழ நான்கு நாட்களில் அழிந்துவிடும். அப்போது காய்ச்சலோ மஞ்சள் நிறமோ தோன்றலாம். நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் பிறபொருளெதிரிகள் உருவாகிவிடுவதால், அதன்பின் மறுபடி ஏற்றினால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சியில் பூனை இறக்கலாம். எனவே ஏற்றிய திகதியைச் சிகிச்சை அட்டையில் எழுதி வாங்குங்கள். வேறு வைத்தியரிடம் போனால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

நாயின் குருதியால் கிடைத்த அந்தச் சில நாட்களில் மூலகாரணத்துக்கு மருந்து செய்ய வேண்டும். உறைவைத் தடுக்கும் எலிநஞ்சுக்கு விற்றமின் கே1 சில வாரங்கள் தொடர வேண்டும். பூனை தெளிந்துவிட்டதென்று இடையில் நிறுத்தாதீர்கள்.

பதற்றப்பட்டுப் பாலோ எண்ணெயோ பருக்காதீர்கள்; மூச்சுக்குழாயில் போய்விடும். ஈரல் சூப்பும் இரும்புச்சத்து மருந்தும் இந்த அவசரத்துக்கு உதவா. நஞ்சின் உறையையும் எடுத்துக்கொண்டு மன்னார் அரச மிருக வைத்தியரிடம் உடனே செல்லுங்கள். குருதி ஏற்றும் வசதி எங்குண்டு, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை வரை போக வேண்டுமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். குருதி தரும் நாயும் நலமானதாக, உண்ணிக் காய்ச்சலுக்குப் பரிசோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.