குழந்தையின் கைக்கு முதல் உணவு

குழந்தைக்குச் சோறூட்டும் நாளை நம் இல்லங்களில் சிறப்பாகக் கொண்டாடுகிறோம். குழையப் பிசைந்த சோற்றை முதன்முறையாக வாயில் வைக்கும் அந்நாளைப்பற்றி நம் பாட்டிமார் நன்கு அறிவர். ஆனால் குழந்தை தானே ஒரு துண்டைக் கையில் எடுத்து உண்ணத் தொடங்குவது எப்பொழுது, அதற்கு எதைக் கொடுப்பது என்பனவற்றில் நம்மிடையே தெளிவு போதாது. ஒரு சாரார் தொண்டையில் அடைக்குமோ என்று அஞ்சி, ஒன்றரை வயது வரையிலும் மசித்ததையே ஊட்டி வருகின்றனர். மற்றொரு சாரார், தறியில் அமர்ந்திருக்கும்பொழுதோ களத்தில் வேலையாயிருக்கும்பொழுதோ குழந்தை அழுதால், நாலு வேர்க்கடலையைக் கையில் கொடுத்து அடக்கிவிடுகின்றனர். இரண்டும் தவறு, பின்னது உயிருக்கே அபாயமானது. ஆகவே இதனை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே ஆகாரம். அதன் பின்னும் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ஆனால் அது மட்டும் போதாது. கருவிலிருக்கும்பொழுது சேர்த்து வைத்துக்கொண்ட இரும்புச் சத்து ஏறத்தாழ அவ்வயதில் குறைந்துவிடுகிறது. அதனை ஈடு செய்யும் அளவு இரும்பு தாய்ப்பாலில் இல்லை. முதலில் கெட்டியாக மசித்த உணவும், சில வாரங்களில் சிறு கட்டிகள் உள்ள உணவும், 8 மாத அளவில் கையில் எடுத்துத் தின்னும் உணவும் என்று படிப்படியாகச் செல்வதே முறை. மாதக் கணக்கை விடக் குழந்தையைப் பார்ப்பது மேல். தலை ஆடாமல் நிற்கிறதா, நிமிர்ந்து உட்காருகிறதா, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் உள்ளே கொள்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஏவன் பகுதியில் 1991, 1992 ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2001-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். 10 மாதம் கடந்த பிறகே கட்டியான உணவைக் கண்ட குழந்தைகள், 15-ஆம் மாதத்தில் உண்பதற்கு அதிகத் தொல்லை கொடுத்ததாகத் தாய்மார் கூறினர். தாமதம் ஒன்றே காரணம் என்று இதைக்கொண்டு அறுதியிட்டுவிட முடியாது. எனினும், மெல்லப் பழகவேண்டிய பருவத்தில் வாய்க்கு வேலையே கொடாமல் இருந்துவிட்டு, பின்னர் ‘பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறது’ என்று வருந்துவோர் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

துண்டின் வடிவம் கையைப் பொறுத்தது. 7 மாதக் குழந்தை உள்ளங்கை முழுவதாலும் பற்றுகிறது. மூடிய பிடிக்குள் இருப்பதை அதனால் தின்ன முடியாது. ஆகையால் பெரியவர்களின் சுண்டுவிரல் நீளத்திற்கு நறுக்கினால் பிடிக்கு மேலே நிற்கும் பாகத்தைத் தின்னும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூட்டி எடுக்கப் பழகிய பின், அதாவது 9, 10 மாதங்களில், சிறு துண்டுகள் கொடுக்கலாம். எதுவாயினும் நம் இரு விரல்களுக்கிடையே வைத்து இலேசாக அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்காதது அக்குழந்தைக்கு ஆகாது. பல் இரண்டு முளைத்துவிட்டதே என்று ஏமாறலாகாது. முன்பல் கடிக்கும், அரைக்காது. அரைக்கும் கடைவாய்ப் பற்கள் ஒரு வயதிற்குப் பின்னரே தோன்றுகின்றன.

இதற்கென்று கடையில் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. இட்லியை நீளவாக்கில் நறுக்கிக் கொடுக்கலாம். கேழ்வரகு இட்லியாயின் இன்னும் நன்று. வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய், நன்கு கனிந்த பப்பாளி ஆகியன ஏற்றவை. வாழைப்பழம் கையில் வழுக்கும். பழத்தை நன்றாகக் கழுவி, அடிப்பாகத்தில் தோலை விட்டுக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். களி உருண்டை மெதுவானதுதான்; ஆயினும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமாதலால் அதைக் கரைத்து ஊட்டுவதே சரி. புலால் உண்ணும் குடும்பங்களில் நன்கு வெந்த முட்டையின் நீளத் துண்டும், முள்ளை இருமுறை தடவிப் பார்த்து நீக்கிய மீனும் தரலாம். முட்டை, மீன், இறைச்சி இவற்றில் ஏதேனும் ஒன்று நாள்தோறும் சேர வேண்டுமென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. மரக்கறி உணவினர் பருப்பையும் கீரையையும் எலுமிச்சைச் சாறு சில துளிகளுடன் மசித்துத் தருக. இரும்புச் சத்து உடலில் சேர அது துணை செய்யும். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். ஒரு வயது நிறையும் வரை தேன் ஒரு துளியும் கூடாது; அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளங் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கவல்லது.

உண்ணும்பொழுது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் எதிரில் இருக்க வேண்டும். தார் சுற்றிக்கொண்டே ஒரு கண்ணால் பார்ப்பது போதாது. மூச்சடைத்த குழந்தை அழுது நம்மைக் கூப்பிடாது. அதனால் சத்தம் எழுப்பவே முடியாது. குமட்டுவது வேறு. முகம் சிவந்து, இருமி, துண்டை வெளியே தள்ளுமானால் அது இயற்கையான காவல். விரலை உள்ளே விடாமல் அருகிலிருந்து பார்த்தால் போதும். இருமலும் குரலும் எழாமல் உதடு நீலம் பாய்ந்தால் தாமதிக்கலாகாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையின்மேல் குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்குமாறு தாடையைத் தாங்கி, தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை தட்டுக. வெளிவராவிடில் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்துக. துண்டு வெளிவரும் வரை இரண்டையும் மாறி மாறிச் செய்க. வயிற்றை அழுத்தலாகாது. அதற்குள் மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை உணர்விழந்துவிட்டால் உடனே மார்பழுத்தமும் செயற்கைச் சுவாசமும் தொடங்க வேண்டும். இதனை ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் முன்னதாகவே செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வது நலம்.

இனி வேர்க்கடலைக்கு வருவோம். நிலக்கடலை விளைவிக்கும் அங்கத்தினர் இல்லங்களில், காய் உடைக்கும் நாட்களில் தரையெங்கும் பருப்புச் சிதறிக் கிடப்பது சகஜம். தவழும் குழந்தையின் கண்ணுக்கு அது தப்பாது. சிறியது, கடினமானது, வழவழப்பானது. மூச்சுக்குழலுள் எளிதில் சென்றுவிடும். சென்றபின் குழந்தை சிறிது இருமி ஓய்ந்துவிடலாம். நாட்கணக்கில் தொடரும் இருமலையும் இரைப்பையும் சளி என்று எண்ணி நாம் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்போம். கடலை தின்றபோது புரையேறிய குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டாலும் வைத்தியரிடம் காட்டி, நடந்ததைச் சொல்ல வேண்டும். புளியங்கொட்டை, பொட்டுக்கடலை, தறியடியில் உதிரும் சிறு சாமான்கள் ஆகியவற்றிற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தரையைப் பெருக்கிய பிறகே குழந்தையை இறக்கிவிடுக. சாயம் தோய்ந்த கையையும் மருந்து தெளித்த கையையும் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடலாகாது.

கடலையை அறவே விலக்க வேண்டுமென்பதில்லை. அது நல்ல உணவே. வறுத்துத் தோல் நீக்கி, நொய் இல்லாமல் நைய அரைத்து, கஞ்சியிலோ கூழிலோ கரைத்து 6 மாதத்திற்குப் பின் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தோலில் கரப்பான் மிகுந்த குழந்தைக்கு மட்டும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குக. முழுக்கடலை, 5 வயது நிறைந்த பிறகு.