கேட்டைத் திறக்கும் முன் கேளுங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், யாராவது ஒரு தம்பியோ தங்கையோ ஃபோன் செய்துவிடுவார்கள். "அங்கிள், டப்ளின்ல எல்லாம் பார்த்தாச்சு. கிராமத்துப் பக்கம் பழைய கல்லு, கோட்டையெல்லாம் இருக்காமே, நடந்து பார்க்கணும். எங்கே போகலாம்?" இடத்தின் பெயரைச் சொல்ல அரை நிமிடம் போதும். அங்கே போய் எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு முப்பது வருஷம் பிடித்தது. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எழுதிவைக்கிறேன், படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. கூட்டமாக இருந்தாலும் முதலில் நியூகிரேஞ்சுக்குப் போய்வந்துவிடுங்கள். மீத் கவுன்ட்டியில், பாய்ன் ஆற்றுக்கு மேலே, கி.மு. 3200 வாக்கில் எழுப்பிய ஈமக்குன்று அது. வெளியே பார்த்தால் புல் மூடிய பெரிய மேடு. உள்ளே 19 மீட்டர் நீளத்துக்குக் கல்லால் ஒரு நடை, அதன் கடைசியில் ஓர் அறை. வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு திறப்பு. டிசம்பரில் பகல் மிகக் குறுகிய அந்தச் சில நாட்களில், காலை வெயில் அந்தத் திறப்பு வழியாக நுழைந்து, தரையோடு ஊர்ந்து அறைவரை போய், 17 நிமிடம் போல இருந்துவிட்டு வெளியேறும். அந்த நாட்களில் உள்ளே நிற்கக் குலுக்கல்தான். எனக்கு இதுவரை விழவில்லை.

அங்கே அகழாய்வு செய்த பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லியிடம் வந்துபோகிறவர்கள் "உள்ளே வெயில் விழுமாமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். ஸ்டோன்ஹெஞ்சோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். ஆனாலும் 1967 டிசம்பர் 21 விடியலில் உள்ளே போய்க் காத்திருந்தார். வெயில் வந்தது. இந்தக் கதை தெரிந்த நாளிலிருந்து நான் ஊர்ப்பேச்சை 'சும்மா சொல்கிறார்கள்' என்று தள்ளுவதில்லை. இன்னொன்று: முகப்பில் பளபளக்கும் வெள்ளைக் கல்சுவர் ஓ'கெல்லி மறுபடி கட்டியது. கீழே சரிந்து கிடந்த கற்கள் முன்பு அப்படித்தான் நின்றிருக்கும் என்பது அவர் கணிப்பு. அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என் கண்ணுக்குக் கல்யாண மண்டபத்து வாசல் மாதிரிதான் படுகிறது.

2. இனி நியூகிரேஞ்சை மறந்துவிடுங்கள். டிக்கெட், வழிகாட்டி, காப்பிக்கடை எதுவும் இல்லாத இடங்கள்தான் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில். தேசிய நினைவுச்சின்னங்கள் சேவை வலைத்தளத்தில் வரைபடமே போட்டிருக்கிறார்கள். பதிவான ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. முதல் தடவை திறந்து பார்த்தால் நாட்டுக்கே அம்மை போட்டதுபோல் இருக்கும். ஆனால் புள்ளி இருக்கிறது என்பதால் வழியும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான புள்ளிகள் யாரோ ஒருவருடைய வயலில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் நடக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அயர்லாந்தில் அப்படி ஒரு பொது உரிமை கிடையாது.

ஆகவே கேளுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்து நில்லுங்கள். எடுத்த எடுப்பில் கல்லைப் பற்றிப் பேசாதீர்கள்; மழையைப் பற்றிப் பேசுங்கள். தூறிக்கொண்டிருக்கும்போதே அவர் "சாஃப்ட் டே" என்பார், ஆமாம் என்று சொல்லிவையுங்கள். அப்புறம், இந்தப் பக்கம் ஒரு கல்வட்டம் இருக்கிறதாமே, பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது பேர் கையை நீட்டி வழி சொல்வார்கள். அதில் ஒருவர் கூடவே வந்து தாத்தா காலத்துக் கதையும் சொல்வார். "வயலில் காளை நிற்கிறது" என்று சொன்னால், காளை இருக்கிறதோ இல்லையோ, வேண்டாம் என்று அர்த்தம். நன்றி சொல்லித் திரும்பிவிடுங்கள்.

3. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள். மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே கிடக்கட்டும். ஒருமுறை திறந்திருந்த கேட்டை நான் நல்ல பிள்ளையாகச் சாத்திவிட்டு மலை ஏறப் போனேன். மாடுகள் அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி இந்தப் பக்கம். இறங்கி வரும்போது வயல்காரர் என் கார் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

4. கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிப் போங்கள். நாயைக் கூட்டிப் போகவே போகாதீர்கள்; மலையெல்லாம் ஆடு.

5. ஊர்ப்பெயரைப் படிக்கப் பழகுங்கள். இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருக்கும், ஆனால் உள்ளே இருப்பது ஐரிஷ் மொழி. 'நாக்' என்றால் குன்று, 'ஸ்லீவ்' என்றால் மலை, 'பாலி' ஊர், 'கில்' பெரும்பாலும் பழைய தேவாலயம். கிளெண்டலாக் என்பது இரண்டு ஏரிப் பள்ளத்தாக்கு. 'ராத்', 'லிஸ்' என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால் அங்கே ஒரு வட்டக்கோட்டை இருந்திருக்கிறது. உங்களில் பாதிப் பேர் வாடகைக்கு இருக்கும் ராத்மைன்ஸிலேயே ஒரு ராத் ஒளிந்திருக்கிறது.

6. வட்டக்கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொண்டு போய் ஏமாறாதீர்கள். வட்டமாக ஒரு மண்கரை, வெளியே ஓர் அகழி, உள்ளே வெறும் புல். 1,000 முதல் 1,500 வருஷத்துக்கு முந்தைய குடியானவர் வீட்டு வளாகம்; மாட்டைத் திருடர்களிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் காக்கப் போட்ட கரை. இப்படி ஏறக்குறைய 45,000 இருக்கின்றன. டிராக்டர் வைத்து ஒரே நாளில் சமப்படுத்திவிடலாம். பின் எப்படித் தப்பித்தன? சட்டத்தால் என்றால் எனக்குச் சிரிப்பு வரும். தேவதைகளால்! கரைக்கு உள்ளே வசிப்பவை அந்தச் சிறு தெய்வங்கள், மண்ணைத் தொட்டால் வீட்டில் மாடு சாகும், பிள்ளை படுக்கும் என்ற பயம். நம்புகிறீர்களா என்று கேட்டால் எந்த விவசாயியும் இல்லை என்றுதான் சொல்வார். அந்தக் கரையில் கலப்பையை வைப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

தனியாக நிற்கும் ஹாதார்ன் முள்மரத்துக்கும் இதே மரியாதை. 1999இல் கிளேர் கவுன்ட்டியில் லட்டூன் என்ற இடத்தில் பெருஞ்சாலைக்காக அப்படி ஒரு மரம் வெட்டப்படவிருந்தது. எட்டி லெனிஹன் என்ற கதைசொல்லி, அது தேவதைகள் கூடும் மரம் என்று பத்திரிகைகளில் எழுதிப் போராடினார். மரம் இன்னும் நிற்கிறது, சாலை விலகிப் போகிறது. கிளையை ஒடிக்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட.

பல வட்டக்கோட்டைகளுக்குள் இன்னொன்றும் உண்டு, இதைச் சிரிக்காமல் சொல்கிறேன். ஞானஸ்நானம் பெறும் முன்பே இறந்த குழந்தைகளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் தராத காலம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் இருந்தது. அப்படிப்பட்ட குழந்தைகளை இரவோடு இரவாக இந்தக் கரைகளுக்குள் கொண்டுவந்து புதைத்தார்கள். பெயர் வெட்டாத சின்னச் சின்னக் கற்கள் புல்லுக்குள் வரிசையாக நிற்கும். 'கில்லீன்' என்பார்கள். பந்தல் போட்டு பிக்னிக் வைக்கிற இடமல்ல அது. அந்த ஊரில் இன்றைக்கும் ஏதாவது ஒரு பாட்டியின் தம்பியோ தங்கையோ அங்கே இருக்கலாம்.

7. அழகாக இல்லாத புள்ளிக்கும் போங்கள். ஓடைக்கரையில் குதிரைலாடம் போல வளைந்த ஒரு தாழ்வான மேடு. கிளறிவிட்ட இடத்தில் கருகி வெடித்த கற்கள். 'ஃபுலக்த் ஃபியா' என்று பெயர். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நெருப்பில் பழுக்கவைத்த கற்களைப் போட்டுக் கொதிக்கவைத்த இடம். வெண்கலக் காலத்தவை பெரும்பாலும். சமையலுக்கா, குளிக்கவா, துணிக்குச் சாயம் போடவா என்று வாதம் உண்டு. அதே ஓ'கெல்லி 1950களில் ஒரு தொட்டியில் ஆட்டுத்தொடையை வைக்கோலில் சுற்றிப் போட்டு 3 மணி 40 நிமிடத்தில் வேகவைத்துக் காட்டினார். எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

8. சதுப்பைக் கண்டால் அதன் அடியையும் நினைத்துப் பாருங்கள். மேயோ கவுன்ட்டியின் வடகோடியில் பேட்ரிக் கால்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர், 1930களில், அடுப்புக்கு டர்ஃப் என்ற சதுப்புமண் எரிபொருளை வெட்டும்போது அடியில் வரிசையாகக் கற்கள் கிடப்பதைக் கவனித்தார். கல்லுக்கு மேலேதான் சதுப்பு வளர்ந்திருக்கிறது. அப்படியானால் கல்லை அடுக்கியவர்கள் சதுப்புக்கும் முந்தியவர்கள். பிறகு அவருடைய மகன் ஷேமஸ் தொல்லியல் படித்துவிட்டு வந்து, நீளமான இரும்புக் கம்பியைச் சதுப்பில் குத்திக் குத்தி, எங்கே கல்லில் இடிக்கிறது என்று குறித்துக்கொண்டே போனார். வெட்டாமல், தோண்டாமல், புதைந்துபோன வயல்வரப்புகள் முழுவதும் படமாக வந்தன. கேஜ வயல்கள் என்று இன்று பார்வையாளர் மையமே வைத்திருக்கிறார்கள். காற்று ஆளைத் தூக்கும்.

9. கல்திட்டை, கற்குவை, கல்வட்டம், குத்துக்கல் என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது, பயன்படுத்துங்கள். சொல் இருக்கிறது என்பதற்காக அங்கிருந்துதான் இங்கே வந்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடாதீர்கள். பர்ரன் என்ற பாறைப் பகுதியில் இருக்கும் பூல்நபுரோன் கல்திட்டையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. 1980களில் தொல்லியலாளர் ஆன் லிஞ்ச் தோண்டிப் பார்த்தார். அந்தத் திட்டையைக் கட்டியவர்கள் இரும்பையும் வெண்கலத்தையும் கண்டறியாதவர்கள். நம் ஊர்க் கல்திட்டைகள் பெரும்பாலும் இரும்புக் காலத்தவை.

பூல்நபுரோனுக்குப் போனால் ஒரு குழந்தைத்தனம் தொற்றும். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை, கையடக்கக் கற்கள் தாராளம். மூன்று கல் நிறுத்தி மேலே ஒன்று வைத்து பொம்மைத் திட்டை கட்டி ஃபோட்டோ எடுப்பார்கள். கட்டாதீர்கள். பாறை வெடிப்புகளில்தான் மே மாதம் ஜென்ஷியன் பூ நீலமாகப் பூக்கும். கல்லை எடுத்தால் அந்த இடமே கெடும். அந்தப் பூவுக்கும் காவல் மாடுதான். மற்ற இடங்களில் கோடையில் மாட்டை மலைக்கு ஓட்டுவார்கள், பர்ரனில் குளிர்காலத்தில் ஓட்டுகிறார்கள். தடித்த புல்லை அவை மேய்ந்து தீர்த்துவிடுவதால் வசந்தத்தில் பூவுக்கு வெளிச்சம் கிடைக்கிறது.

ஸ்லைகோவில் நாக்நரே மலையுச்சியில், ஐரிஷ் பழங்கதைகளில் வரும் மேவ் ராணியின் கற்குவை இருக்கிறது. 327 மீட்டர் மலை, அதன்மேல் 10 மீட்டர் உயரத்துக்குக் கல். யாரும் இதுவரை தோண்டியதில்லை. ராணி எதிரிகளைப் பார்த்தபடி நின்றவாக்கில் புதைக்கப்பட்டிருக்கிறாள் என்பது கதை. மலை ஏறுங்கள், குவைமேல் ஏறாதீர்கள், கல் ஒன்றும் பைக்குள் வரக்கூடாது.

10. பழங்கற்களில் உள்ள செதுக்கலைப் பார்க்க உச்சிவெயில் உதவாது. காலையோ மாலையோ, வெளிச்சம் சாய்வாக விழும்போது போங்கள். இல்லையென்றால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெறும் கல்லாக இருந்தது வளையம் வளையமாக எழும்பும். சாக்பீஸால் தடவி எடுப்பாகக் காட்டுவது பாவம். ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்துள்ள கல்லின் முகப்பில் தேடாதீர்கள், விளிம்பைப் பாருங்கள். கோடுகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அநேகமாக 'இன்னார் மகன் இன்னார்' என்றுதான் இருக்கும்.

11. மெட்டல் டிடெக்டர் யாராவது வைத்திருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும். அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடுவது குற்றம்.

12. நாட்டின் மிக உயரமான சிகரமே 1,040 மீட்டரைத் தொடாது. கொடைக்கானலில் பாதி என்று சிரித்துக்கொண்டு ஜீன்ஸோடு ஏறியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான். கடலிலிருந்து மேகம் வந்தால் பத்து நிமிடத்தில் முன்னால் போகிறவர் முதுகு தெரியாது. கிழக்கில் வருஷத்துக்கு 150 நாள், மேற்கில் சில இடங்களில் 225 நாள் மழை. ஜீன்ஸ் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். டிசம்பரில் டப்ளினில் நாலேகாலுக்கு முன்பே சூரியன் போய்விடும், ஜூனில் பத்து மணிவரை வெளிச்சம். அதற்குத் தக்கபடி கிளம்புங்கள். ஃபோனை மட்டும் நம்பாமல் காகித வரைபடமும் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் 112 அழைத்து மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள்.

முதல் மலைநடைக்கு கிளெண்டலாக் மேல் ஏரியைச் சுற்றும் ஸ்பிங்க் பாதை போதும். ஏற்றத்தில் மரப்படிகள் முடிவில்லாமல் வரும், மேலே போனதும் பேச்சு நின்றுவிடும். சனி ஞாயிறென்றால் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், இல்லையேல் காரை நிறுத்த இடம் கிடைக்காது.

13. சதுப்பில் பச்சைப்பசேல் என்று தளதளவென்றிருக்கும் இடம்தான் மோசமான இடம். பழுப்பாக, அசிங்கமாக இருக்கும் இடத்தில் கால் வையுங்கள். நான் சொன்னாலும் ஒருமுறை முழங்கால் வரை போவீர்கள். காரில் ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக இருக்கட்டும்.