புகுந்தோர் கணக்கும் முடித்தோர் கணக்கும்

மலைநாட்டிலே எந்தத் தமிழ்க் கல்லூரி மண்டபத்தினுள் நுழைந்தாலும் சுவரிலே ஒரு பலகையைக் காணலாம். பல்கலைக்கழகம் புகுந்த மாணவரின் பெயர்கள் ஆண்டு வாரியாகப் பொன்னிற எழுத்தில் அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். நமது மண்டபத்திலும் அத்தகைய பலகை உண்டு. பரிசளிப்பு விழா நாளிலே பெற்றோர் அதன் முன் நின்று தம் தோட்டத்துப் பிள்ளையின் பெயரைத் தேடிக் காண்பதை நாம் பலமுறை கண்டு மகிழ்ந்திருக்கின்றோம். ஆயின் இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதப் பணிக்கப்பட்டு, கையிற் குறிப்பேட்டோடு அப்பலகையை நோக்கியபோது ஓர் ஐயம் எழுந்தது. இப்பெயர்களுக்கு உரியோருள் பட்டம் பெற்று வெளிவந்தோர் எத்தனை பேர்? அதனைச் சொல்லும் பலகையோ இடாப்போ நம்மிடம் இல்லை. சங்கத்தின் ஆண்டறிக்கைகளிலும் இல்லை. புகுந்தோரை எண்ணினோம், முடித்தோரை எண்ணாது விட்டோம். இக்குறையின் பொருள் யாது, அதனை நீக்கும் வழி யாது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் நாம் வந்த வழியைச் சிறிது நோக்குவோம். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தோட்டங்களிலே பள்ளி வைத்தல் வேண்டுமென விதித்தது. பத்து வயதுக்கு மேற் கொழுந்துக் கூடையே கல்வி என்பது அக்காலத்துத் துரைமார் கருத்துப் போலும். 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோதும் அதன் பயன் லயத்து வாயிலை எளிதில் எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைக் கையேற்றபோது தோட்டப் பள்ளிகள் புறத்தே விடப்பட்டன. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரசுடைமையான பின்னரே, அப்பள்ளிகளும் படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன. பிற பகுதியினர் நூறாண்டிலே நடந்த வழியை நாம் ஐம்பதாண்டிற்குள் ஓட வேண்டியதாயிற்று. ஓடுகின்றவன் இடறுவது இயல்பு. எந்த இடத்தில் இடறுகின்றான் என்று பாராதிருப்பதே பிழை.

இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமை வழியாகவும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை வழியாகவும், எஞ்சிய 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கெனவும் பகுக்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் இப்பதினாறனுள் அடங்கும். இதனால் நம்மவர்க்கு வாயில் ஓரளவு அகன்றுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாயிலுட் புகுவது வேறு. மறுபுறம் வெளிவருவது வேறு.

கணக்கிடும் முறையை இளம் மாணவர் பொருட்டுச் சிறிது விரித்துரைப்போம். இவ்வாண்டு பட்டம் பெற்றோர் தொகையை இவ்வாண்டு புகுந்தோர் தொகையால் வகுத்து விகிதம் காண்பார் சிலர். அது தவறு, இரு தொகையும் வெவ்வேறு மனிதரைக் குறிப்பன. ஓராண்டிற் புகுந்தோர் அனைவரையும் ஒரு கூட்டமாகக் கொண்டு, அவரைப் பெயர் பெயராகத் தொடர்ந்து, குறித்த காலத்தில் முடித்தோர் எத்தனை பேர் எனக் காண்பதே முறை. நான்காண்டுப் பட்டத்திற்கு ஆறாண்டு, அதாவது ஒன்றரை மடங்கு காலம், கொடுத்து எண்ணுவது அமெரிக்க வழக்கம். அதுவும் நியாயமே, நோயாலும் வறுமையாலும் ஓராண்டு பிந்தியவனைத் தோற்றவன் என்று தள்ளலாகாது.

வழியிலே வாயில்கள் பல. சாதாரண தரத்திலிருந்து உயர்தரத்திற்கு ஒன்று, உயர்தரச் சித்தியிலிருந்து பல்கலைக்கழகப் பதிவுக்கு ஒன்று, முதலாண்டுப் பரீட்சை ஒன்று, இறுதிப் பரீட்சை ஒன்று என நான்கு வாயில்களை மட்டும் கொள்வோம். ஒவ்வொன்றிலும் பத்துக்கு ஒருவரே விழுகின்றார் என வைத்துக்கொண்டாலும் நூறு பேரில் இறுதியில் எஞ்சுவோர் ஏறக்குறைய 66 பேரே. எந்த வாயிலிலும் பெருங்கேடு நிகழவில்லை. ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பில் இழப்புச் சிறிதே என்பர். கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கினர் மறைந்துவிட்டனர்.

இவற்றுள் நாம் மிகவும் அஞ்சுவது இரண்டாம் வாயிலையே. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்தின் முதல் விரிவுரைக்கும் இடையே ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் கழிவது நம் நாட்டிற் புதுமையன்று. 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையே 2023 ஜனவரியில்தான் தொடங்கிற்று. நகரத்துப் பிள்ளை அக்காலத்தை ஆங்கில வகுப்பிலும் கணினி வகுப்பிலும் கழிக்கும். நம் பிள்ளை கொழும்புக்குப் புறப்படும். புறக்கோட்டைத் துணிக்கடையிலோ வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையிலோ வேலை. மாதந்தோறும் வீட்டுக்குப் பணம். தோட்டத்து நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் வேலைக்குச் சென்ற நாட்களுக்கே. ஆகவே மகன் அனுப்பும் பணத்தைக் கொண்டு நகைக்கடன் தீர்கின்றது, தங்கையின் சடங்கு நடக்கின்றது. பதிவு செய்ய வேண்டிய நாள் வரும்போது, அவன் விடவேண்டியது கடை வேலையை மட்டுமன்று; குடும்பம் பழகிவிட்ட வருவாயையும் விடவேண்டும். அந்நேரத்திற் பிறப்புச் சான்றிதழிலே தந்தை பெயர் ஒருவாறும் அடையாள அட்டையிலே வேறொருவாறும் இருப்பது தெரியவரும். தோட்டங்களிற் பிறப்புப் பதிவு எவ்வாறு நடந்தது என்பதை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. திருத்தம் செய்யக் கச்சேரிக்கு மூன்று முறை அலைய வேண்டும். முதலாளி மூன்று நாள் லீவு கொடுப்பாரா? இவ்வாறு தவறிய பிள்ளையைப் படிப்பிற் குறைந்தவன் என்று கூற யாருக்கு மனம் வரும்?

மூன்றாம் வாயிலில் ஆங்கிலம் நிற்கின்றது. பதின்மூன்று ஆண்டு தமிழிலே பௌதிகமும் கணக்கியலும் கற்றவன், விஞ்ஞான பீடத்திலும் முகாமைத்துவ பீடத்திலும் முதல் நாளே ஆங்கில விரிவுரையைக் கேட்கின்றான். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல நாணுகின்றான். பணமோ மற்றொரு பக்கம் இழுக்கின்றது. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தின்படி மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது, நன்று. எனினும் முதற் கொடுப்பனவு கைக்கு வருமுன் மாதங்கள் கழிவதுண்டு. மெத்தையும் வாளியும் விடுதிக் கட்டணமும் அதுவரை காத்திரா. ஹட்டனிலிருந்து பேராதனைக்குப் புகையிரதத்திற் போய்விடலாம். யாழ்ப்பாணமோ வந்தாறுமூலையோ ஒலுவிலோ கிடைத்தால் ஒரு முறை வீடு வந்து திரும்புவதே ஒரு பெருஞ்செலவு.

பிற நாட்டு அரசாங்கக் கல்லூரிகளும் இதே துன்பத்தைக் கண்டுள்ளன. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் தன் ஈராண்டுக் கல்லூரிகளிலே 2007இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அங்குப் பயில்வோர் பெரும்பாலும் ஏழைகள். மாணவர் முழுநேரம் பயிலல் வேண்டும். அடிக்கடி ஆலோசகரைச் சந்தித்தல் வேண்டும். ஆலோசகருக்கு ஒப்படைக்கப்படும் மாணவர் தொகையும் குறைவு. கட்டணத்தில் விழும் துண்டு ஈடு செய்யப்பட்டது. நூல்களும் நகரப் போக்குவரத்துச் சீட்டும் இலவசம். சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்து இரு குழுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, மூன்றாண்டுகளில் இத்திட்டத்திற் சேர்ந்தோருள் நூற்றுக்கு 40 பேரும், சேராதோருள் 22 பேரும் பட்டம் பெற்றிருந்தனர். தலைக்குச் செலவு கூடிற்று. ஆயினும் ஒரு பட்டதாரியை உருவாக்கும் செலவு குறைந்தது. இதனைச் சிக்கனம் பேசுவோர் கவனிப்பாராக. அத்லாந்தாவிலுள்ள ஜோர்ஜியா அரசுப் பல்கலைக்கழகமோ, பட்டத்தை நெருங்கிய பலர் சிறு தொகைக் கட்டணப் பாக்கியாலே நீங்குவதைக் கண்டு, அத்தொகையைத் தானே கொடுக்கத் தொடங்கியது. அங்கே 2003இல் நூற்றுக்கு 32 ஆயிருந்த விகிதம் பத்தாண்டு கழியப் பாதியைத் தாண்டிற்று. அதற்குக் காரணங்கள் பலவாயினும் இச்சிறு உதவி அவற்றுள் ஒன்று.

இவற்றில் அரிய வித்தை ஒன்றுமில்லை. பஸ் சீட்டு, புத்தகம், கேட்பதற்கு ஓர் ஆள்! நம் சங்கத்தாற் செய்யக் கூடாததும் இல்லை. உயர்தரச் சித்தி வெளியான வாரத்திலேயே ஐந்து மாணவருக்கு ஒரு பழைய மாணவர் பொறுப்பேற்கலாம். பிறப்புச் சான்றிதழை அப்போதே பார்த்துத் திருத்த வேண்டியதைத் திருத்தலாம். காத்திருக்கும் மாதங்களில் அப்பிள்ளைகளை நம் கல்லூரியிலேயே கீழ் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கச் செய்து சிறு படி கொடுக்கலாம். மாலையில் ஆங்கிலம் பயிற்றலாம். கடையிற் பெறும் சம்பளத்திற்கு அப்படி ஈடாகாது என்பதை அறிவோம். பாதிக்காவது ஈடாயின் சில தந்தையர் மனம் இளகும். முதலாண்டில் மகாபொல வருமளவும் கடனாகக் கொடுக்க ஒரு நிதி வேண்டும். இடையிலே நின்றுவிட்டோர்க்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் வாயிலும் உண்டு; அதன் நிலையம் ஒன்று ஹட்டனிலேயே இருக்கின்றது.

விழாவை முன்னிட்டுக் கல்லூரிக்கு அலங்கார வளைவு ஒன்று எழுப்பவேண்டுமெனச் சங்கத்திற் சிலர் விரும்புகின்றனர். வளைவின்மேல் நமக்கு வெறுப்பில்லை. மழைக்கு ஒதுங்கவாவது உதவும். ஆனால் அந்நிதியில் ஒரு பாதி மேற்கூறிய கடனுதவிக்கு ஒதுக்கப்படல் வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்திற் பிரேரிக்க எண்ணியுள்ளோம். உதவி கொடுத்தாற் பிள்ளைகள் சோம்புவர் என்று வாதிப்போர், விடிகாலை ஐந்து மணிக்கு மேற்பிரிவு லயத்திலிருந்து நடந்து வரும் பிள்ளையை ஒருநாள் உடன் நடந்து பார்க்கலாம்.

இடாப்பு ஒன்றை நாமே வரைந்து செயலாளரிடம் ஒப்படைத்துள்ளோம். பெயர், தோட்டம், உயர்தரம் சித்தியடைந்த ஆண்டு, பல்கலைக்கழகத்திற் பதிந்த நாள், முதலாண்டுப் பெறுபேறு, பட்டம் பெற்ற நாள் என ஆறு நிரல்கள் அதில் உள. பலகையிலுள்ள பெயர்களையெல்லாம் முதல் நிரலில் எழுதிவிட்டோம். அப்பெயர்களுக்கு உரிய பழைய மாணவர் தத்தம் விபரத்தைச் செயலாளருக்கு எழுதுவாராக. பட்டம் பெறாது நீங்கியோரும், எந்த ஆண்டில், எதனால் நீங்கினோம் என்பதை மறைக்காது எழுதல் வேண்டும். அக்கடிதங்களை அச்சிடோம்; அடுத்துப் புறப்படும் பிள்ளைகளின் பொறுப்பாளர் மட்டுமே அவற்றைப் படிப்பர்.