நல்ல மனது மட்டும் போதுமா?



மருத்துவமனைக்குக் களப்பயிற்சிக்காக வரும் சமூகப்பணி மாணவர்களிடம் இரக்கத்திற்குக் குறைவில்லை. "இவருக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும்" என்ற ஆவலோடுதான் வருகிறார்கள். ஆனால் அவர்கள் கேட்கப் பழக வேண்டிய கேள்வி வேறு. "நான் செய்யப்போவது பலன் தரும் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்பதே அது. இதை ஓர் உதாரணத்தின் மூலம் படிப்போம்.

பிரச்சினை

தற்கொலைக்கு முயன்ற ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர்கள் காப்பாற்றிவிட்டார்கள். சில நாட்களில் அவர் வீடு திரும்புவார். அங்கே அதே கடன், அதே சண்டை, அதே தனிமை. போதாததற்கு ஊராரின் பேச்சு வேறு. மாணவர் அவருக்குப் புத்தி சொல்லலாம், கண்டிக்கலாம், ஆறுதல் கூறி வழியனுப்பலாம். எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவையே. ஆனால் எது அவருடைய உயிரைக் காக்கும்?

ஆராய்ச்சி காட்டியது

உலக சுகாதார நிறுவனம் இதைச் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பீனாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் ஆராய்ந்தது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றவர்களிடம், அதோடுகூட, வீடு திரும்பும் சமயத்தில் ஒரு மணி நேரம் தனியே அமர்ந்து பேசினார்கள். பின்பு 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும், ஆக 9 முறை, நேரிலோ தொலைபேசியிலோ விசாரித்தார்கள்.

முடிவு 2008இல் வெளியானது. 18 மாதங்களில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதத்தினரே இறந்தார்கள். அதாவது, ஆயிரம் பேருக்கு 22 மரணம் என்பது 2 ஆயிற்று.

மற்றொன்றையும் மறைக்கக்கூடாது. மீண்டும் தற்கொலைக்கு முயன்றவர்களின் விகிதம் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்று 2010இல் வெளியான அறிக்கை கூறியது. ஆதாரத்தை மதிக்கிறவர் அது சொல்லாததை அதன்மேல் ஏற்றிச் சொல்லமாட்டார்.

மாணவர் கைக்கொள்ள வேண்டியவை

1. பாதியில் விடாதிருத்தல். பலன் கண்டது ஒரு சந்திப்பில் அல்ல, ஒன்பது முறை தொடர்ந்ததில். மாணவரின் பயிற்சியோ சில மாதங்களில் முடிந்துவிடும். ஆகவே அடுத்து விசாரிக்கப்போகிறவரை முன்கூட்டியே நோயாளிக்கு அறிமுகம் செய்து, பொறுப்பை அவர் கையில் ஒப்படைத்துவிட்டே விடைபெற வேண்டும்.

2. மேற்பார்வையின் கீழ் செய்தல். அந்த ஆராய்ச்சியில் விசாரித்தவர்கள் டாக்டர், நர்ஸ், உளவியலாளர் போன்ற அனுபவசாலிகள். மாணவர் தனியாக இதில் இறங்கக்கூடாது. ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் அன்றே மேற்பார்வையாளரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.

3. ஆளை அறிந்து செய்தல். வீட்டில் உள்ள ஒரே போன் மாமியார் கையில் இருந்தால், மருமகள் மனம்விட்டுப் பேசுவாளா? எங்கே சந்திப்பது, யாருக்குத் தெரியலாம் என்பதை அவளிடமே கேட்க வேண்டும். ஆராய்ச்சி வழியைக் காட்டும்; அந்த வழியில் எப்படி நடப்பது என்பதை உதவி பெறுகிறவரோடு சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும்.

4. தீர்ப்புச் சொல்லாதிருத்தல். "செய்தது பாவம்" என்று படுக்கையருகே பேசினால், அவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இப்படிப்பட்டவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் அளிக்கும் கடமையை அரசின்மேல் வைத்திருக்கிறது.

5. எழுதி வைத்தல். யாரைச் சந்தித்தோம், யாரைக் காணமுடியவில்லை என்று நோட்டில் குறிக்க வேண்டும். காணமுடியாமற்போனவரையே முதலில் தேட வேண்டியிருக்கும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. பிழைத்து வீடு வந்த வாரத்தில் பலர் வந்து போவார்கள். ஆறாம் மாதத்தில் வாசற்படி ஏறுகிறவர் யார்? உதவி செய்கிற நாம், எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற கணக்கை மட்டும் கேளாமல், எத்தனை பேரை இறுதிவரை தொடர்ந்தோம் என்றும் கேட்கலாம்.

சிந்திக்க:

அ. நாம் செய்துவரும் ஒரு நற்காரியம் பலன் தருகிறது என்று எதைக்கொண்டு அறிகிறோம்?

ஆ. நம் தெருவில், நம் சபையில், விசாரிப்பு பாதியில் நின்றுபோனவர் யார்?

(மனச்சோர்வில் இருப்போர் இந்தியாவில் எந்த நேரமும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். தயவுசெய்து பிறருக்கும் தெரிவியுங்கள்.)