கணித, அறிவியல் உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பித்தல்: பெற்றோர்கள் அறிய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாத இறுதியில், வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்து பிரசாதம் வழங்கிக்கொண்டிருந்த நேரம். நம் கோயிலுக்குத் தவறாமல் வரும் ஓர் அம்மையார் முகமெல்லாம் மலர்ச்சியோடு என்னிடம் வந்தார். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில், அதாவது நாம் எல்லோரும் பிஎஸ்எல்இ என்று சொல்லும் தேர்வில், அவருடைய மகனுக்கு மிக நல்ல முடிவு வந்திருந்தது. "சார், தம்பிக்குக் கணக்கும் சயின்சும்தான் உயிர். கிளமெண்டியில் அதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாமே, அதற்கு எந்தப் பாரத்தை நிரப்பவேண்டும்?" என்று கேட்டார். அந்தப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் காலம் ஜூன் மாதத்திலேயே முடிந்துவிட்டது என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. தேர்வு முடிவே இப்போதுதானே வந்தது, அதற்குள் எப்படி முடியும் என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

அவர்மேல் குற்றமில்லை. குற்றம் என்மேல்தான். அந்தப் பையனை நான் மூன்று ஆண்டுகளாக அறிவேன். கற்பூரம் எரிந்தபின் விறகைப்போல் சாம்பல் ஏன் மிஞ்சுவதில்லை என்று ஒருநாள் என்னைக் கேட்டவன் அவன். முப்பது ஆண்டுக்குமேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த நான், அப்படிக் கேட்கும் பிள்ளையின் தாயாரிடம் மே மாதத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பையன் வீட்டருகே ஒரு நல்ல உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து நன்றாகவே படித்தான். ஆயினும் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு மறக்கவில்லை. இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது இதையே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அந்த அம்மையார் குறிப்பிட்ட பள்ளி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய கணித, அறிவியல் உயர்நிலைப் பள்ளி. சுருக்கமாக என்யுஎஸ் உயர்நிலைப் பள்ளி என்பார்கள். 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. கிளமெண்டி அவென்யூ 1இல் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, பூகிஸில் இறங்கிப் பச்சைத் தடத்துக்கு மாறினால் கிளமெண்டிக்குப் போய்விடலாம். இங்கே படிப்பு ஆறு ஆண்டுகள். நான்காம் ஆண்டில் சாதாரண நிலைத் தேர்வும், ஆறாம் ஆண்டில் மேல்நிலைத் தேர்வும் எழுதுகிற வழக்கமான பாதை இதுவன்று. முடிவில் அப்பள்ளியின் டிப்ளோமா வழங்கப்படுகிறது. அதைக் கொண்டே பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். கணிதத்தையும், குறைந்தது ஓர் அறிவியல் பாடத்தையும் முதன்மைப் பாடங்களாக எடுத்தாக வேண்டும். அதோடு, மாணவரே ஒரு பொருளை எடுத்து ஆராய்ந்து அறிக்கை எழுதும் பயிற்சியும் உண்டு. இதற்கு ஓவியரும் பொறியியலாளருமான டாவின்சியின் பெயரை வைத்திருக்கிறார்கள். பள்ளியோடு சேர்ந்த விடுதியும் உண்டு.

இப்படித் தேர்ந்தெடுத்த பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து, அரசாங்கச் செலவில் கணிதமும் அறிவியலும் கற்பிப்பது புதிய எண்ணமன்று. சோவியத் நாட்டில் 1963இல் மாஸ்கோவிலும் நோவோசிபிர்ஸ்க்கிலும் இத்தகைய பள்ளிகளைத் தொடங்கினார்கள். கணித உலகில் பெரும்பெயர் பெற்ற கோல்மொகோரொவ், மாஸ்கோப் பள்ளியின் பிள்ளைகளுக்குத் தாமே பாடம் நடத்தினார். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் 1980இல் ஒரு பள்ளியைத் திறந்தது. இந்தியாவில் கிராமப்புறப் பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுக்கும் நவோதயா விடுதிப் பள்ளிகள் 1980களின் நடுவில் தோன்றின. அவை அறிவியலுக்கு மட்டும் உரியவை அல்ல. மொழிக் கொள்கை காரணமாகத் தமிழ்நாடு அவற்றை ஏற்கவில்லை. அது தனிக்கதை, இங்கே வேண்டாம்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். இப்பள்ளியின் முதலாம் ஆண்டுக்கு, நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டத்தின் வழியாகவே பிள்ளைகளை எடுக்கிறார்கள். தேர்வு முடிவு வந்தபின் ஆறு பள்ளிகளின் பெயரை எழுதிக் கொடுக்கிறோமே, அந்தப் பட்டியலில் இதைப் போட்டுச் சேர முடியாது. நேரடிச் சேர்க்கைக்குரிய விண்ணப்பம், பிள்ளை தொடக்கநிலை ஆறில் படிக்கும் ஆண்டின் மே மாதத் தொடக்கத்தில் திறந்து, ஜூன் மாதத் தொடக்கத்தில் மூடப்படுவது அண்மை ஆண்டுகளின் வழக்கம். சரியான தேதியை ஆண்டுதோறும் கல்வி அமைச்சு அறிவிக்கும். கட்டணம் கிடையாது. பெற்றோர் தம் சிங்பாஸ் கொண்டு கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் நிரப்ப வேண்டும். மூன்று விருப்பங்கள் வரை குறிப்பிடலாம். பிள்ளையின் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மதிப்பெண்களும், பள்ளி வழியாகப் பெற்ற பரிசுகளும், இணைப்பாட நடவடிக்கை விவரங்களும் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடும். ஆகையால் சான்றிதழ்களை நகலெடுத்துக் கோப்புக் கட்டித் திரியவேண்டியதில்லை. பள்ளிக்கு வெளியே செய்தவற்றை மட்டும், பத்துக்கு மிகாமல், நாம் எழுத வேண்டும்.

விண்ணப்பித்த பிள்ளைகளைக் கணிதத்திலும் அறிவியலிலும் சோதித்து, அவர்களில் சிலரை மேற்கட்டத்துக்கு அழைத்து நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த ஏற்பாடு ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறக்கூடும் என்பதால், பள்ளியின் அறிவிப்பைப் படித்தறிவதே நல்லது. பின்னர் 'இடம் உறுதி', 'காத்திருப்போர் பட்டியல்', 'இடமில்லை' என்ற மூன்றில் ஒரு பதில் வரும். அக்டோபர் மாதத்தில் நம் விருப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

இந்த அக்டோபர் மாதப் பதிவைப் பலர் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். நேரடிச் சேர்க்கையில் இடம் உறுதியாகிவிட்டால், பிஎஸ்எல்இ முடிவு எவ்வளவு உயர்வாக வந்தாலும் வேறு பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடியாது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் நடவாது. மற்றொரு பக்கம், இடம் கிடைத்துவிட்டதே என்று பிஎஸ்எல்இ தேர்வைக் கைவிடவும் கூடாது. அப்பள்ளிக்குரிய தகுதிப் பிரிவை எட்டினால்தான் அந்த இடம் நிற்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஆறு ஆண்டுகளுக்கு ஒரு பாதையில் நிறுத்துகிறோம் என்பதை வீட்டில் கணவனும் மனைவியும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். கதைப் புத்தகமும் சரித்திரமும்தான் பிடிக்கும் என்கிற பிள்ளை, கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிறது என்பதற்காக இங்கே போகக்கூடாது என்பது என் அபிப்பிராயம். மதிப்பெண் வாங்குவது வேறு, அதில் மனம் தோய்வது வேறு.

சென்ற ஆண்டுகளில் ஒரு தந்தையார் தம் மகனின் விண்ணப்பத்தை எனக்குக் காட்டினார். பள்ளிக்கு வெளியே செய்தவை என்ற பகுதியில் பத்து வரிகளும் நிரம்பியிருந்தன. ரோபோ வகுப்பு, நிரல் எழுதும் வகுப்பு, விடுமுறைக்கால முகாம் என்று எல்லாமே பணம் கட்டிச் சேர்ந்தவை. பையனை அருகில் அழைத்து, "நீ செய்த ரோபோ என்ன வேலை செய்தது, தம்பி?" என்று கேட்டேன். அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையே எனக்குப் போதுமானதாக இருந்தது. நேர்முகத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் அது போதும். அந்தப் பையன் மந்தமானவன் அல்லன். வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிறானாம். தண்ணீர் ஏன் பச்சையாகிறது என்பதைப் பற்றி மூச்சு விடாமல் பத்து நிமிடம் பேசினான். அந்த மீன்தொட்டி பத்து வரிகளில் ஒன்றில்கூட இல்லை!

சீனிவாச ராமானுஜனை நினைத்துக்கொள்வோம். கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தோற்று, உபகாரச் சம்பளத்தை இழந்தவர் அவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, தாம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் எழுத்தர் என்பதை மறைக்கவில்லை. காட்டுவதற்குப் பட்டமும் இல்லை, பரிசும் இல்லை. தாம் கண்ட கணக்குகளைப் பக்கம் பக்கமாக இணைத்து அனுப்பினார். ராமானுஜன் எங்கே, நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே என்பீர்கள். அளவு வேறுதான். ஆனால் 'நான் இதைச் செய்து பார்த்தேன்' என்று சொல்வதற்கு ஒன்று பிள்ளையிடம் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொருந்தும்.

அப்படி ஒன்றைத் தேடி எங்கும் ஓட வேண்டாம். பொங்கலன்று நம் கோயில் வாசலில் தாய்மார்கள் கோலமிடும்போது, தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு சிறுமி புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நேர்ப்புள்ளிக் கோலம். முதல் வரிசையில் 1, அடுத்து 3, 5, 7, பிறகு 5, 3, 1. மொத்தம் 25 என்றாள். அடுத்த பெரிய கோலத்துக்கு எத்தனை என்றேன். நடுவரிசை 9 ஆகும், எண்ணிப் பார்த்து 41 என்றாள். எண்ணாமல் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

அரைமணி கழித்து வந்து பார்த்தால், அவள் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். சாய்வாகப் பார்த்தால் அந்த 25 புள்ளிகளில் இரண்டு சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. பக்கத்துக்கு 4 புள்ளி உள்ள சதுரம் ஒன்று, 3 புள்ளி உள்ளது ஒன்று. 16உம் 9உம் சேர்ந்து 25. அடுத்த கோலத்தில் 25உம் 16உம் சேர்ந்து 41. அதற்கடுத்தது 36உம் 25உம் சேர்ந்து 61. அப்படியானால் சரியாக 100 புள்ளி வைத்து இப்படி ஒரு கோலம் போட முடியுமா என்று கேட்டேன். மறுவாரம் வந்து, முடியாது என்றாள். அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்று ஒற்றை, ஒன்று இரட்டை. அவற்றின் வர்க்கங்களும் அப்படியே. ஆகவே கூட்டுத்தொகை எப்போதும் ஒற்றைப்படையாகத்தான் வரும், 100 இரட்டைப்படை. இதை அவளே கண்டுபிடித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நம் பாட்டிமார் போட்ட கோலத்தை, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவரைச் சார்ந்த அறிஞர்களும் 1970களில் கணினி அறிவியல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பிறகு அவளுக்குச் சொன்னேன். அவள் தாயார்தான் அதிகம் வியந்தார்.

பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். தேதி போட்டு, பார்த்ததையும் கேட்ட கேள்வியையும் தவறிப்போன முயற்சியையும் எழுதட்டும். தேக்காவில் வாங்கிய மல்லிகைச்சரத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் எத்தனை மணி நேரம் வாடாமல் இருக்கிறது என்பதுகூடப் போதும். ஜூரோங்கிலுள்ள அறிவியல் நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். என்யுஎஸ் உயர்நிலைப் பள்ளியே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தேசியக் கணித ஒலிம்பியாட் போட்டியை நடத்திவருகிறது. பிள்ளைக்கு ஆசையிருந்தால் பள்ளி ஆசிரியரிடம் அதைப்பற்றிக் கேட்கலாம். இவற்றைத் தொடக்கநிலை நான்கிலேயே ஆரம்பிப்பது நல்லது. ஆறாம் வகுப்பு ஏப்ரலில் ஆரம்பித்தால் அது நடிப்பாகத்தான் முடியும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது சுயேச்சைப் பள்ளி. அரசாங்கப் பள்ளியைவிடக் கட்டணம் கூடுதல். அதைக் கேட்டவுடனேயே பின்வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கென்று கல்வி அமைச்சின் உதவி நிதி சுயேச்சைப் பள்ளிகளில் இருக்கிறது. பெற்றோர் வெட்கப்படாமல் பள்ளி அலுவலகத்தில் கேட்க வேண்டும். பிள்ளையின் படிப்புக்கு உதவி தேவைப்படும் இந்தியக் குடும்பங்கள், 1991இல் அமைந்த சிண்டா அமைப்பையும் பீட்டி சாலையில் அணுகலாம். அதற்கு அருகில்தான் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையமும் இருக்கிறது. பிள்ளை சேரும் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாவிட்டால் அங்கே போய்ப் படிக்க வழியுண்டு. எந்தப் பள்ளியானாலும், தமிழ் எங்கே, எந்த நாளில் நடக்கும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விடுதியைப் பற்றித் தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள். சைவம் கிடைக்குமா, வெள்ளிக்கிழமை விரதம் என்னாவது, பெண்பிள்ளையை எப்படி விடுவது என்று கேட்கிறார்கள். எந்த ஆண்டில், எவ்வளவு காலம் தங்கவேண்டும், சாப்பாடு எப்படி என்பதையெல்லாம் பள்ளியின் வரவேற்பு நாளில் நேரே போய்ப் பார்த்துக் கேட்பதுதான் முறை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம். போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். அங்குள்ள மாணவர்களோடு அவன் தனியே பேசட்டும், நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

வரும் ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப்பின் நான் கோயில் அலுவலக அறையில் இருப்பேன். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள், சிங்பாஸ் உள்ள கைத்தொலைபேசியுடன் வரலாம். எந்தப் பள்ளிக்கானாலும் சரி. பிள்ளை அந்த நோட்டுப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்து வரட்டும்.