ஒன்றரை மாத ஊசியும் உன் ஊசியும்

அன்புள்ள தங்கைக்கு,

கல்லூரியில் ஹெபடைடிஸ் பி ஊசி போட்ட அன்று தலைவலி என்று ஒதுங்கிக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். மறைக்காமல் சொன்னது நல்லது. சந்தேகம் யாருக்கும் வரலாம், அதை யாரிடமும் கேட்காமல் உள்ளேயே வைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

வார்டு போஸ்டிங்கில், பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடும் அவசரத்தில் விரலில் குத்திக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி இருந்து, நீ தடுப்பூசி போடாதவளாக இருந்தால், அது உனக்குத் தொற்ற 100க்கு 6 முதல் 30 வரை வாய்ப்புண்டு. எச்ஐவி என்றால் 1000க்கு ஏறக்குறைய 3தான். நாமோ எச்ஐவிக்குத்தான் அதிகம் நடுங்குகிறோம்! ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணைதான்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அதன்பின் ஓரிரு மாதத்தில் ரத்தம் பரிசோதித்து, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று பார்த்துவிடலாம்.

நாளை உன் மலைக் கிராமங்களில், நாகலூர் பக்கமோ வெள்ளக்கடை பக்கமோ, புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்கு ஊசி போட நிற்கப்போகிறவள் நீ. ஒன்றரை மாதக் குழந்தைக்குப் போடும் பென்டாவேலன்ட்டை இந்தியாவிலேயே முதலில், 2011 டிசம்பரில், தமிழ்நாடும் கேரளமும்தான் தொடங்கின. அது தடுக்கும் ஐந்து நோய்களில் ஒன்று, நீ ஊசி தவிர்த்த அதே ஹெபடைடிஸ் பி. "ஏம்மா, நீ போட்டுக்கிட்டியா?" என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வாய்?

அவள் தயங்கினால் அறியாமை என்று முடிவு கட்டாதே. காப்பிப் பழம் எடுக்கும் பருவத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி போய்விடும், அதுதான் அவள் கணக்கு. காய்ச்சல் ஓரிரு நாள் வரலாம் என்று முன்கூட்டியே சொல். பாராசிட்டமால் எவ்வளவு, எப்போது என்று காட்டிக்கொடு. போட்டபின் அரைமணி நேரம் உட்காரவை. குப்பியில் உள்ள வட்டத்தையும் காட்டு: நடுவிலுள்ள சதுரம் சுற்றியிருக்கும் நிறத்தைவிட வெளுத்திருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை. கண்ணால் பார்த்ததை அவள் பக்கத்து வீட்டிலும் சொல்வாள்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பி எத்தனையோ பெற்றோர் மறுத்தார்கள், முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அப்போது அவர்களுக்கு வேண்டியிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல, தெரிந்த முகம் ஒன்று. உன் மலையில் அது நீதான்.

இந்த வாரமே டியூட்டரிடம் போய் உன் சந்தேகத்தையெல்லாம் கேள். கேட்டுவிட்டு முதல் தவணையைப் போட்டுக்கொள். போட்ட தேதியை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அக்கா