காசநோயும் நமது கடமையும்



வீடு மந்திரிக்க வரும்போது சில இல்லங்களில் ஒரு காட்சியைக் கண்டிருக்கிறேன். சமையலறை மூலையில் ஒரு தட்டும் ஒரு தம்ளரும் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பின்கட்டில் ஒருவர் படுத்திருப்பார். யாரென்று விசாரித்தால், "சாதாரண இருமல்தான், சுவாமி" என்று தாழ்ந்த குரலில் பதில் வரும். மகளுக்குக் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டிய சமயத்தில், காசநோய் என்ற சொல் வெளியே போய்விடக் கூடாதே என்ற அச்சம் அது. அந்த வீட்டாரைக் குறைகூறுவது என் நோக்கமல்ல. ஆனால் அந்த அச்சம் உயிரைக் கொள்ளை கொள்கிறது. ஆகையால் இவ்வாரம் இதையே நமது பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இந்நோய் எப்படி வருகிறது?

1882-ம் ஆண்டில் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் இந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆகவே இது குலத்தின் சாபமுமல்ல, பாவத்தின் தண்டனையுமல்ல. பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவமென்று சீடர்கள் வினவியபோது, நம் ஆண்டவர் அந்த எண்ணத்தையே மறுத்துவிட்டார் அல்லவா? அர்ச். குழந்தை தெரேசம்மாள் 1897-ம் ஆண்டில், தமது 24-ம் வயதில், இதே நோயால்தான் மரித்தார். அந்நாளில் இதற்கு மருந்து கிடையாது. இன்று உண்டு.

நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் பரவுகிறது. தட்டினாலும் தம்ளராலும் பரவுவதில்லை. ஆகையால் தட்டைப் பிரித்து வைப்பதில் பயனில்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதிலும், இருமும்போது வாயை மூடிக்கொள்வதிலும், உடனே மருந்து தொடங்குவதிலுமே பயன் உண்டு.

இரண்டாவது, நோயாளியை வீட்டை விட்டு அனுப்ப வேண்டுமா?

இக்கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்னது நமது சென்னை மாநகரம். 1956-ம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. அன்றைய கொள்கைப்படி, காசநோயாளி என்றால் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல காற்றும் சத்தான உணவும் பெற வேண்டும். ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் படுக்கை எங்கே கிடைக்கும்? எனவே நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குச் சென்றார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகளே கொடுக்கப்பட்டன.

1959-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் 100-க்கு 92 பேரும், வீட்டில் 100-க்கு 86 பேரும் நோய் அடங்கப்பெற்றார்கள். வீட்டில் இருந்தவர்கள் உண்டது எளிய உணவு. அவர்களுடைய எடை அவ்வளவாகக் கூடவுமில்லை. ஆயினும் மருந்து தன் வேலையைச் செய்தது. அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. நோயாளி வீட்டிலேயே தங்கி மருந்துண்டதால் அவருடைய மனைவி மக்களுக்கு அதிகப்படியான ஆபத்து நேரவில்லை. இதன் பின்னரே உலகெங்கும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டு, வீட்டுச் சிகிச்சை வழக்கமாயிற்று.

மூன்றாவது, அப்படியானால் உணவு அவசியமில்லையா?

இங்கே நாம் அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. சென்னை ஆராய்ச்சி கேட்ட கேள்வி, நோயாளியை மருந்து குணமாக்குமா என்பது. கூட இருக்கிறவர்களை உணவு காக்குமா என்பது வேறு கேள்வி. பழங்குடியினர் மிகுதியாக வாழும் ஜார்க்கண்ட் மாநிலத்தில், 2019 முதல் 2022 வரை, இவ்வேறு கேள்வியை ஆராய்ந்தார்கள். 2,800 நோயாளிகளும், அவர்களுடைய வீட்டார் 10,345 பேரும் இதில் சேர்ந்தார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. ஒரு பிரிவில் மாத்திரம் வீட்டாருக்கும் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, அத்துடன் சத்து மாத்திரை. இவ்வளவே.

2023-ம் ஆண்டில் வெளியான முடிவு இது: உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாக நோய் காண்பது 100-க்கு 39 பங்கு குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் நோயை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய பாதியாகவே குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியவர்களிடையே மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது.

காரணம் யாதெனில், கிருமி உட்சென்ற எல்லாரும் நோயாளிகளாவதில்லை. பலருடைய சரீரம் அதை அடக்கி உறங்க வைத்துவிடுகிறது. பசியால் சரீரம் மெலியும்போது உறங்கிய கிருமி விழித்துக்கொள்கிறது. ஆக, நோயாளியின் கிருமியைக் கொல்வது மருந்து. அவருடைய குடும்பத்துக்கு அரண் போடுவது உணவு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரல்ல. ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாகக் கொள்ளவும் கூடாது.

நான்காவது, நாம் செய்ய வேண்டியது என்ன?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், மாலை நேரக் காய்ச்சலோ எடை குறைவோ கண்டால், அரசு மருத்துவமனைக்குச் சென்று சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை 6 மாதம். இரண்டு மாதத்தில் இருமல் நின்று முகம் தெளிந்தவுடன் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது பெருந்தவறு. எஞ்சிய கிருமிகள் மருந்துக்குப் பணியாதவையாய் மாறக்கூடும். பிறகு சிகிச்சையும் நீளும், துன்பமும் பெருகும். வீட்டிலுள்ள மற்றவர்களும், விசேஷமாகக் குழந்தைகளும், பரிசோதனைக்குச் சென்று, மருத்துவர் சொன்னால் தடுப்பு மருந்தும் உட்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் முதல், சிகிச்சை பெறுகிறவருக்கு உணவுக்காக மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசு வழங்குகிறது. அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை.

ஆனால் அந்தத் தொகை நோயாளிக்கு உரியது. வீட்டிலுள்ள நாலு பேருக்கு? கணக்குப் பாருங்கள். மாதம் 20 கிலோ அரிசி, 6 கிலோ பருப்பு. ஒரு குடும்பத்தால் முடியாவிட்டாலும், ஓர் அன்பியத்தால் முடியும். பசித்தவருக்கு உணவளிப்பதும், வியாதிக்காரரைச் சந்திப்பதும் நாம் சிறுவயதில் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த இரக்கச் செயல்கள். இங்கே இவ்விரண்டும் ஒரே வாசற்படியில் நிற்கின்றன.

நோயுற்ற குடும்பத்தார் என்னிடம் தனியே வந்து சொல்லலாம். பெயர் வெளியே போகாது. மற்றவர்கள் அடுத்த ஞாயிறு பூசைக்கு வரும்போது ஒரு படி பருப்புக் கொண்டுவந்து சக்ரீஸ்தில் ஒப்படையுங்கள். இன்று மாலையே, மூலையில் கவிழ்ந்திருக்கும் அந்தத் தட்டை எடுத்து, மற்றத் தட்டுகளோடு சேர்த்து வையுங்கள். சர்வேசுரன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்கு சுவாமியார்